தொழிற்பேட்டைக்குக் குழாய் வாயு வருகிறது: கையெழுத்துப் போடலாமா, கார்பன் உண்மையில் குறையுமா?

கொங்குபாய்லர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில சாயப்பட்டறை நடத்துறோம். மணிக்கு 4 டன் நீராவி குடுக்குற பாய்லர் ஒண்ணு, துணியை விரிச்சுச் சூடேத்துற ஸ்டென்டர் மெஷினுக்கு எண்ணெயைச் சூடாக்கிச் சுத்த விடுற தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர் ஒண்ணு. பாய்லருக்குப் பாதி விறகு, பாதி இந்தோனேசியா நிலக்கரி. எது சல்லிசாக் கிடைக்குதோ அதைப் போடுவோம். ஹீட்டர் மட்டும் முழுக்க நிலக்கரி.

போன வாரம் நகர வாயு கம்பெனிக்காரங்க (வீடு, வண்டி, ஆலைக்குக் குழாய்ல இயற்கை வாயு குடுக்குறவங்க) எங்க சங்கக் கூட்டத்துக்கு வந்தாங்க. பேட்டை வரைக்கும் குழாய் போடப் போறோம், யார் யார் சேர்றீங்க, மாசம் எவ்வளவு எடுப்பீங்கன்னு எழுதிக் குடுங்கன்னு கேட்டாங்க. திரையில போட்ட முதல் படமே "கார்பன் உமிழ்வு பாதியாகும்". எங்களுக்கு அது சும்மா அலங்கார வார்த்தை இல்லீங்க. துணி வாங்குற பையர் தரப்புல ஆடிட்டுக்கு வர்றவங்க ஒவ்வொரு தடவையும் நிலக்கரியை எப்ப நிறுத்துவீங்கன்னு எழுத்துல கேக்குறாங்க. இன்னொரு பக்கம் விலையைப் பார்த்தா மலைப்பா இருக்கு.

அந்தப் பாதிக் கணக்கு நிஜமா? வாயு வந்த ஊர்கள்ல என்ன நடந்துச்சு? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எதைக் கேட்டு வாங்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. எங்க பேட்டையில சின்ன யூனிட்டுகதான் அதிகம். ஒருத்தர் தப்பா மாட்டினா எழுந்திருக்க முடியாது.

மணலி_ஷிப்ட்:

வணக்கம் அண்ணா. நான் வடசென்னை. வாயு வந்ததைப் பக்கத்துல இருந்து பார்த்தவன், அதனால நம்ம மாநிலக் கதையை மட்டும் சொல்றேன்.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்துல எல்என்ஜி (திரவ இயற்கை வாயு) முனையம் 2019 மார்ச்சில் தொடங்குச்சு. கிழக்குக் கரையில அதுதான் முதல் முனையம், ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறன். கப்பல்ல மைனஸ் 162 டிகிரியில திரவமா வர்றதை இங்க மறுபடியும் வாயுவாக்கிக் குழாய்ல விடுறாங்க. முதல்ல எடுத்துக்கிட்டது மணலி ஆலைங்கதான். மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உர ஆலை அதுவரைக்கும் நாஃப்தாங்கிற பெட்ரோலிய எண்ணெயில ஓடுச்சு, அதே 2019-ல வாயுவுக்கு மாறுச்சு. தெற்கே ராமநாதபுரம்–தூத்துக்குடி 143 கிலோமீட்டர் குழாயை 2021 பிப்ரவரியில திறந்தாங்க. அங்க ஸ்பிக் உர ஆலை நாஃப்தாவை விட்டு வாயுவுக்கு வந்துச்சு. எண்ணூர்–செங்கல்பட்டு, திருவள்ளூர்–பெங்களூரு பகுதிகள் 2022 மே மாசம்.

உர ஆலைக்கு வாயுங்கிறது எரிபொருள் மட்டும் இல்ல, மூலப்பொருளும் அதேதான். அமோனியாவுக்கு வேணும்கிற ஹைட்ரஜன் அதுல இருந்துதான் வருது. நாஃப்தாவைவிட சுத்தமா மாறும், மின்சாரமும் நீராவியும் கம்மியா செலவாகும். அதனால அவங்களுக்குக் கணக்கு நேராயிடுச்சு. உங்களை மாதிரி வெறும் சூட்டுக்காக வாங்குறவங்களுக்கு அப்படி நேராகாது. முனையம் தொடங்கிப் பல வருஷம் பாதித் திறனைக்கூடத் தொடாம கிடந்ததுக்குக் காரணம் ரெண்டு. குழாய் போய்ச் சேரல, சேர்ந்த இடத்துல விலை கட்டல.

கார்பன்கணக்கு:

எரிசக்தித் தணிக்கை என் தொழில். "பாதியாகும்" என்பதை ஒரு டன் நீராவிக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் பாய்லர் அறையில் நீங்களே சரிபார்க்கக்கூடிய கணக்குதான்.

8 பார் அழுத்தத்தில் ஒரு டன் நீராவி எடுக்க, 80 டிகிரி தண்ணீர் உள்ளே போனால், சுமார் 5.8 லட்சம் கிலோ கலோரி வேண்டும். கிலோவுக்கு 4,500 கிலோ கலோரி வெப்பம் தரும் நிலக்கரி, 75 சதவீதத் திறன் என்றால் 170 கிலோ நிலக்கரி எரியும். புகைபோக்கி வழியாக ஏறக்குறைய 310 கிலோ கரியமில வாயு போகும். அதே நீராவிக்கு இயற்கை வாயு, 88 சதவீதத் திறனில், 75 கனமீட்டர் ஆகும். கரியமில வாயு சுமார் 155 கிலோ. ஃபர்னஸ் ஆயில் என்றால் 220 கிலோவை ஒட்டி நிற்கும்.

ஆக, நிலக்கரியை எடுத்துவிட்டு வாயு வைத்தால் பாதி என்பது சரி. இதில் இரண்டு காரணம் சேர்ந்து வேலை செய்கிறது. ஒரே அளவு வெப்பத்துக்கு நிலக்கரி 95 என்றால் வாயு 56தான் வெளியிடுகிறது. அதோடு வாயு பாய்லர் சாம்பலில் வெப்பத்தை இழப்பதில்லை, அதிகப்படிக் காற்றைச் சூடாக்கி வெளியே அனுப்புவதும் குறைவு.

ஆனால் நீங்கள் பாதி விறகு என்கிறீர்கள். கம்பெனியின் படம் அந்த இடத்தைத் தொட்டிருக்காது என்று நினைக்கிறேன். கிலோவுக்கு 3,000 கிலோ கலோரி தரும் விறகு, 65 சதவீதத் திறன் என்றால் டன் நீராவிக்கு 300 கிலோ விறகு. புகைபோக்கியில் அளந்தால் 400 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வரும், நிலக்கரியைவிட அதிகம். என்றாலும் உலக வழக்கப்படி கணக்கு எழுதும்போது, வெட்டின இடத்தில் மரம் திரும்ப வளர்கிறது என்றால் அதை எரிபொருள் உமிழ்வில் சேர்ப்பதில்லை. உங்கள் விறகில் பெரும்பங்கு சீமைக் கருவேலமாகத்தான் இருக்கும். வெட்டினால் துளிர்த்துக்கொண்டே இருக்கும் மரம் அது. அப்படிப்பட்ட விறகை நிறுத்திவிட்டு வாயு வைத்தால் உங்கள் உமிழ்வுக் கணக்கு ஏறும். புகை குறையும், கரித்தூள் போகும், ஆள்பாடு குறையும். அவையெல்லாம் உண்மையான நன்மைகள். அவற்றைக் கார்பன் குறைப்பு என்று எழுதினால் ஆடிட்டில் நிற்காது.

இந்த விஷயத்தில் என் நிலைப்பாடு இதுதான்: வாயு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எதை எடுத்துவிட்டு வைக்கிறோம், எத்தனை டிகிரி சூட்டுக்கு வைக்கிறோம் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வந்த பிறகுதான் குழாய் எங்கே போக வேண்டும் என்று சொல்ல முடியும்.

கொங்குபாய்லர்:

ரொம்ப நன்றிங்க. விறகு விஷயத்தை யாருமே இப்படிப் பிரிச்சுச் சொல்லல.

விறகுல எங்க கஷ்டம் வேறங்க. மழைக்காலத்துல ஈரமா வந்து இறங்கும். நெருப்பு மந்தமாகி நீராவி அழுத்தம் இறங்கிரும். சாயம் ஏத்துற சாஃப்ட் ஃப்ளோ மெஷின்ல சூடு ஏறுற நேரம் தள்ளிப் போனா ஷேடு மாறிரும், அந்த பேட்ச் முழுக்கத் திரும்ப ஏத்தணும். ஒரு தடவை திரும்பச் சாயம் போட்டா தண்ணி, உப்பு, நீராவி எல்லாமே இரட்டிப்பு. போதாததுக்கு அந்தத் தண்ணியை சுத்திகரிப்பு நிலையத்துல காய்ச்சி ஆவியாக்குற செலவு வேற. வாயு வந்தா அழுத்தம் ஒரே சீரா நிக்கும்னு சொல்றாங்க. எனக்கு அதுதான் பெரிய ஆசை.

மோர்பித்தமிழன்:

சொந்த ஊர் விருதுநகர் பக்கம். குஜராத் மோர்பியில டைல்ஸ் ஆலைகளுக்கு சூளை பர்னர் வேலை பார்க்கிறேன். வாயுவுக்கு ஒரு ஊரே மாறினது எப்படின்னு பார்க்கணும்னா மோர்பியைத்தான் பார்க்கணும். நாட்டோட டைல்ஸ்ல பெரும்பகுதி இங்கதான் தயாராகுது.

2019-க்கு முன்னாடி இங்க நூத்துக்கணக்கான ஆலையில நிலக்கரி கேஸிஃபயர் இருந்துச்சு. நிலக்கரியை அரைகுறையா எரிச்சு, வர்ற வாயுவை சூளைக்கு விடுவாங்க. அந்த வாயுவைக் கழுவின தண்ணியில தாரும் ஃபீனாலும் கலந்திருக்கும். கறுப்பா, மூக்கை அறுக்குற நாத்தத்தோட. அதை டேங்கர்ல ஏத்தி ராத்திரியில ஓடைப் பக்கம், வயக்காட்டுப் பக்கம் ஊத்துறாங்கன்னு புகார் மேல புகார். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் கேஸிஃபயரையெல்லாம் மூடச் சொல்லிருச்சு. குழாய் ஏற்கெனவே ஊருக்குள்ள இருந்ததால ஆலைங்க உடனே வாயுவுக்கு மாற முடிஞ்சுது. காத்து தெளிஞ்சதை எங்க கண்ணாலேயே பார்த்தோம்.

சிக்கல் விலையில வந்துச்சு. 2020 மே மாசம் ஆசியச் சந்தையில எல்என்ஜி ஒரு எம்எம்பிடியூ (வாயு விக்கிற வெப்ப அலகு) 2 டாலர் பக்கம் கிடந்துச்சு. எல்லாரும் இதுதான் நிரந்தரம்னு நம்பினாங்க. 2022-ல உக்ரைன் போர் தொடங்கினதும் அதே சரக்கு 50 டாலரையும் தாண்டிப் போச்சு. டைல்ஸ் ஆலையில எரிபொருள்தான் பெரிய செலவு, தாங்க முடியல. அந்த ஆகஸ்ட்ல பெரும்பாலான ஆலைங்க சேர்ந்து ஏறக்குறைய ஒரு மாசம் சூளையை நிறுத்தினாங்க. அதுக்கப்புறம் பாதி ஊர் எல்பிஜி வகை வாயுவான புரோப்பேனுக்குத் தாவிருச்சு. டேங்க் வெச்சு, திரவத்தை வாயுவாக்குற வேப்பரைசர் வெச்சு, எது விலை குறைவோ அதுக்கு வால்வைத் திருப்புற மாதிரி மாத்திக்கிட்டாங்க. புரோப்பேன் இயற்கை வாயுவைவிட எட்டுல ஒரு பங்கு அதிகமா கரியமில வாயு விடும், ஆனா நிலக்கரியைவிட ரொம்பக் கம்மி. யாரும் கேஸிஃபயருக்குத் திரும்பல, திரும்பவும் முடியாது.

ஒண்ணு கவனிங்க. சூளை 1,150, 1,200 டிகிரியில ஓடுது. அதுக்கு வாயு மாதிரி சீரான தீ வேணும். களிமண் குழம்பை உலர்த்துற ஸ்ப்ரே டிரையர் இன்னிக்கும் பல ஆலையில நிலக்கரியிலதான் ஓடுது. அங்க வாயு கட்டுபடியாகல. ஒரே ஆலைக்குள்ளயே ரெண்டு எரிபொருள்.

தறிநூல்:

மோர்பி நண்பர் சொன்னதைப் படிக்கும்போது நம் 2011 ஞாபகம் வருகிறது. நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வருடம். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனைக்கு அதற்குப் பிறகுதான் திருப்பூர் முழுமையாக வந்தது. அந்த மாற்றம் அவசியமானது, அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அவசரத்தில் மாற நேர்ந்ததால் கடனில் விழுந்த சிறு பட்டறைகள் எத்தனை! நிலக்கரிக்கும் ஒருநாள் அப்படி ஆணை வரும். டெல்லி சுற்றுவட்டாரத்தில் 2023 ஜனவரி 1 முதல் ஆலைகளில் நிலக்கரி கூடாது என்று ஆகிவிட்டது. அங்கேயும் விறகு போன்ற உயிரெரிபொருளுக்கு அனுமதி இருக்கிறது. ஆணை வருவதற்கு முன் நாமே யோசித்து மாறுவது நல்லது.

பழைய உதாரணம் இன்னொன்றும் இருக்கிறது. தாஜ்மகாலைக் காப்பதற்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் ஆக்ரா சுற்றுவட்டார ஆலைகளில் நிலக்கரியையும் கல்கரியையும் (கோக்) தடுத்தது. ஃபிரோஸாபாத் கண்ணாடி வளையல் தொழில் வாயுவுக்கு மாறியது அப்படித்தான். அவர்களுக்கு அரசு நிர்ணயித்த விலையில் உள்நாட்டு வாயு ஒதுக்கப்பட்டது, அதனால் பிழைத்தார்கள். இன்று நமக்குக் கிடைப்பது அந்த வாயு இல்லை. உள்நாட்டு மலிவு வாயு வீட்டு அடுப்புக்கும் சிஎன்ஜி வண்டிக்கும்தான் முன்னுரிமை. தொழிற்சாலைக்குச் சந்தை விலைதான்.

வரப்போரம்:

நான் ஆலைக்காரன் இல்லீங்க, விவசாயி. உங்க பேச்சுல குழாய் எது வழியா வருதுங்கிறது வரவே இல்லை. அதான் எழுதுறேன்.

கொச்சியில இருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு 7 மாவட்டத்துல மத்திய அரசு நிறுவனமான கெயிலோட குழாய் வர்றதா இருந்துச்சு, 310 கிலோமீட்டர். 1962-ம் வருஷத்துச் சட்டத்துல நிலத்தை வாங்குறதில்லை, பயன்படுத்துற உரிமையை மட்டும் எடுத்துக்குவாங்க. நிலம் நம்ம பேர்லயே இருக்கும். ஆனா அந்த 20 மீட்டர் அகலத்துல மரம் வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, கட்டடம் கட்டக் கூடாது. சட்டப்படி அந்த உரிமைக்கு நட்டஈடு சந்தை மதிப்புல 10 சதவீதம். ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பு வெச்சிருக்கிறவனுக்கு நடுவுல 20 மீட்டர் போச்சுன்னா தோப்பே போச்சு.

2013-ல மாநில அரசே விவசாய நிலத்துல வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாக் கொண்டு போங்கன்னு சொல்லுச்சு. வழக்கு போய் 2016 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்புக் குடுத்துச்சு. ஆனாலும் எங்க ஊர்கள்ல மனசு மாறல. கேரளாவுல கொச்சி–மங்களூரு 450 கிலோமீட்டர் 2021 ஜனவரியில முடிஞ்சு திறந்தாச்சு.

டெல்டா பக்கம் எண்ணெய், வாயு எடுக்கிறதை எதிர்த்துப் போராடின நெடுவாசல், கதிராமங்கலம் பார்த்தவங்களுக்கு வாயுங்கிற வார்த்தையே பயம். 2020-ல டெல்டாவை வேளாண் மண்டலமா அறிவிச்ச பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டாங்க. எடுக்கிறது வேற, குழாய்ல கொண்டு போறது வேறன்னு எனக்குப் புரியுது. ஆனா ஆலைக்குக் கார்பன் குறையுறதுக்கு எங்க தென்னை போகணும்னா, அந்தக் கணக்குல எங்க தென்னையையும் எழுதுங்க.

கார்பன்கணக்கு:

வரப்போரம் ஐயா சொல்வது நியாயம். நெடுஞ்சாலை ஓரமும் ரயில் பாதை ஓரமும் குழாய் போட்டால் நீளம் கூடும், செலவு கூடும். முடியாத காரியம் இல்லை. நகர வாயு வலையின் கடைசி மைல் குழாய்கள் எப்படியும் சாலை ஓரத்தில்தான் புதைகின்றன. பெருங்குழாய்க்கும் அந்தக் கூடுதல் செலவைத் திட்டத்திலேயே எழுத வேண்டும். அதை விவசாயி தலையில் இறக்கிவைத்துவிட்டு வாயு மலிவு என்று சொல்லக் கூடாது.

நெய்தல்_வானிலை:

எல்லாரும் புகைபோக்கியைத்தான் பார்க்கிறீர்கள். இயற்கை வாயு என்பதே மீத்தேன். எரியாமல் கசிந்தால், 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 30 மடங்கு, 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். கிணற்றடி, சுத்திகரிப்பு, குழாய், கப்பல் எல்லா இடத்திலும் கசிவு உண்டு. திரவமாக்குவதற்கே வாயுவில் பத்தில் ஒரு பங்கு வரை எரிக்கிறார்கள். இன்று குழாய் புதைத்தால் 30 வருடம் அதையே நம்பி இருப்போம். அந்தப் பணத்தைச் சூரிய மின்சாரத்துக்கும் மின் பாய்லருக்கும் போட்டால் என்ன?

கார்பன்கணக்கு:

கசிவு பற்றிய கேள்வி மிக முக்கியமானது. மேலே சொன்ன அதே ஒரு டன் நீராவியில் வைத்துப் பார்க்கிறேன்.

75 கனமீட்டர் என்றால் 53 கிலோ அளவுக்கு வாயு. கிணற்றிலிருந்து உங்கள் பர்னர் வரை 3 சதவீதம் கசிந்தால் 1.6 கிலோ மீத்தேன். 20 ஆண்டுக் கணக்கில் அது 130 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 155-உடன் அதைச் சேர்த்து, திரவமாக்கும் செலவுக்கு 15 கிலோவையும் சேர்த்தால் 300 ஆகிவிடுகிறது. நிலக்கரியின் 310-க்குப் பக்கத்தில் போய் நிற்கிறோம். நிலக்கரிச் சுரங்கத்திலும் மீத்தேன் வெளிவருகிறது, அதையும் நிலக்கரிப் பக்கம் எழுத வேண்டும். ஆனாலும் "பாதி" என்ற சொல் காணாமல் போகிறது. கசிவை 1 சதவீதத்துக்குள் பிடித்தால் மொத்தம் 215-ஐ ஒட்டி நிற்கும், லாபம் தெளிவாகத் தெரியும். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 3 சதவீதக் கசிவிலும் வாயுதான் மேல்.

மின்சாரம் பற்றி: மின் பாய்லரில் ஒரு டன் நீராவிக்கு சுமார் 690 யூனிட் ஆகும். நம் தேசிய மின்கட்டத்தில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு. அப்படியானால் 500 கிலோ! நிலக்கரியை நேராக எரிப்பதைவிட மோசம். கட்டத்தில் ஓடும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரி என்பதால் இந்த நிலை. ஆனால் வெப்ப பம்ப் (குளிர்சாதனப் பெட்டியைப்போல் வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் சேர்க்கும் கருவி) வேறு கதை. தண்ணீரை 80, 90 டிகிரிக்குச் சூடாக்க அது மூன்றில் ஒரு பங்கு மின்சாரமே எடுக்கும். அப்போது கட்டத்து மின்சாரத்திலேயே உமிழ்வு வாயுவுக்குச் சமமாக இறங்கிவிடும். சொந்தக் காற்றாலையோ சூரியத் தகடோ இருந்தால் அதற்கும் கீழே. நம் மாநிலத்துப் பட்டறைக்காரர்கள் பலருக்குச் சொந்தக் காற்றாலைப் பங்கு இருக்கிறது, இது வெறும் கனவில்லை.

ஆகவே கொங்குபாய்லர் அண்ணா, உங்கள் ஆலையைச் சூட்டின் அளவுப்படி பிரித்துப் பாருங்கள். ரியாக்டிவ் சாயத்துக்கு 60 டிகிரி போதும், சோப்பு வாஷுக்கு 95. அந்தச் சூட்டில் பெரும்பகுதி வடிகாலில் சூடான கழிவுநீராக வெளியே போகிறது. அதை ஒரு வெப்பமாற்றியில் விட்டு, உள்ளே வரும் தண்ணீரைச் சூடாக்கினாலே விறகு குறையும். வாயுவே தேவையில்லாத இடம் இது.

உங்கள் ஸ்டென்டர் அப்படியில்லை. காட்டன் லைக்ரா துணியை ஹீட் செட் செய்ய (சூட்டில் அளவை நிலைநிறுத்த) 190 டிகிரி வேண்டும். அதற்காக எண்ணெயை 240, 250 டிகிரிக்கு நிலக்கரியில் சூடாக்கி, குழாய் வழியாகச் சுற்றவிட்டு, ரேடியேட்டரில் காற்றைச் சூடாக்குகிறீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இழப்பு. துணி ஓடாத நேரத்திலும் எண்ணெய் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டென்டர் அறைக்குள்ளேயே வாயு பர்னர் வைத்தால் இந்தச் சுற்று முழுவதும் போய்விடும். நிலக்கரியை எடுத்துவிட்டு வாயு வைக்கிறீர்கள், உயர்ந்த சூட்டுக்கு வைக்கிறீர்கள், திறனும் ஏறுகிறது. மூன்றும் சேரும் இடம் உங்கள் ஆலையில் இது ஒன்றுதான். எழுதிக் கொடுக்க வேண்டிய அளவு ஸ்டென்டருக்கான அளவு. பாய்லரையும் சேர்த்து எழுதச் சொல்வார்கள். எழுதாதீர்கள்.

மணலி_ஷிப்ட்:

இதைத்தான் ஊர் அளவுலயும் செய்யணும். கண்ணாடி, டைல்ஸ், ஃபோர்ஜிங், அலுமினியம் உருக்கு, பெயின்ட் கடை அடுப்பு இருக்கிற இடத்துக்குக் குழாயை முதல்ல கொண்டு போங்க. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் மாதிரி. டீசலும் ஃபர்னஸ் ஆயிலும் எரிக்கிறவங்களுக்கு விலையும் கட்டும். விறகு எரிக்கிற ஊருக்குக் கடைசியா போகலாம்.

குழாய்_மீட்டர்:

நகர வாயு வேலையில் இருப்பவன். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் குறைந்தபட்ச அளவு. தினமும் இத்தனை கனமீட்டர் என்று எழுதிக் கொடுத்தால், அதில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்துக்கு, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டும். அந்தச் சதவீதம் எவ்வளவு, அதைத் தினசரி பார்ப்பார்களா, மாதக் கணக்கில் பார்ப்பார்களா, மூன்று மாதக் கணக்கிலா? பின்னலாடைத் தொழிலில் ஆர்டர் ஏறி இறங்கும். மூன்று மாதக் கணக்கு கேளுங்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறை நாட்களைக் கழிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, விலை எதோடு கட்டப்பட்டிருக்கிறது. கச்சா எண்ணெய் விலையோடு இணைத்த நீண்டகால எல்என்ஜியா, அன்றன்று சந்தையில் வாங்கும் சரக்கா? 2022-ல் அடிபட்டவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையை நம்பியவர்கள். நீண்டகாலச் சரக்கு சாதாரண நாளில் சற்று அதிகமாகத் தெரியும், கெட்ட நாளில் ஆலையைக் காப்பாற்றும்.

குழாய்க் கட்டணம் இப்போது முன்புபோல் இல்லை. 2023 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் ஒருங்கிணைந்த கட்டணம் வந்தது. ஒவ்வொரு குழாயைக் கடக்கும்போதும் தனித்தனியாகக் கட்டிய காலம் போய்விட்டது.

வரி பற்றிச் சங்கம் அரசிடம் பேச வேண்டும். இயற்கை வாயு ஜிஎஸ்டிக்கு வெளியே, மாநில வாட் வரிக்குள் இருக்கிறது. ஏற்றுமதி செய்பவர் நிலக்கரிக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்கலாம், வாயுவுக்குக் கட்டிய வாட்டை அப்படி எடுக்க முடியாது. சுத்தமான எரிபொருளுக்கு மாறுபவருக்கு வரியிலும் நட்டம் என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கசிவு பற்றி: எங்கள் பக்கத்துக் குழாய்களில் வாசனைக்கு மெர்காப்டன் கலக்கிறோம், அழுகின முட்டைக்கோசு மாதிரி நாறும். மீட்டர் பொருத்திய சட்டத்துக்கு (ஸ்கிட்) பிறகு உள்ளே இருக்கும் குழாய் உங்கள் பொறுப்பு. ஃபிளாஞ்ச் (குழாய் இணைப்பு), வால்வு முனைகளில் சோப்புத் தண்ணீர் சோதனையை ஒவ்வொரு பராமரிப்பு நிறுத்தத்திலும் செய்யுங்கள். கிணற்றடியில் கசிவது நம் கையில் இல்லை, ஃபிளாஞ்சில் கசிவது நம் கையில்தான்.

கொங்குபாய்லர்:

விலையைப் போட்டுப் பார்த்தேனுங்க. வாயு கனமீட்டர் 50 ரூபாய், நிலக்கரி இறக்கிக் குடுத்து டன் 8,000 ரூபாய்னு வெச்சா, ஒரு டன் நீராவிக்கு வாயுவுல 3,750 ரூபாய், நிலக்கரியில 1,400 பக்கம். முழு பாய்லரையும் மாத்தினா நாங்க இருக்க மாட்டோம். ஸ்டென்டருக்கு மட்டும்னா, எண்ணெய் சுத்துற இழப்பு, ராத்திரி சும்மா ஓடுற நேரம், ஹீட்டர் ஆள் சம்பளம் எல்லாத்தையும் கழிச்சா தாங்கிக்கிற அளவுக்கு வருது. பையர்கிட்ட அதையே காட்டி விலை பேசலாம்.

ஐரோப்பாவோட கார்பன் எல்லை வரி நமக்கு வருமான்னு ஒருத்தர் தனியாக் கேட்டிருந்தார். இப்போதைக்கு அந்தப் பட்டியல்ல இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம்தான் இருக்கு, துணி இல்லை. எங்களுக்கு அழுத்தம் பையர் வழியாத்தான்.

சாகோசேலம்:

ஒரு சின்னச் சேர்க்கை. குழாய் வந்தால் அதில் எண்ணூர் வாயு மட்டும்தான் ஓட வேண்டும் என்று இல்லை. எங்கள் பக்கம் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரில் சாண எரிவாயுபோல வாயு எடுத்து ஆலையிலேயே எரிப்பவர்கள் இருக்கிறார்கள். மரவள்ளித் திப்பி, நாமக்கல் கோழி எச்சம் எல்லாவற்றிலும் எடுக்கலாம். சுத்திகரித்து அழுத்தினால் அதே குழாயில் கலக்கலாம். நகர வாயு கம்பெனிகள் இந்த உயிர்வாயுவைக் கலந்தே ஆக வேண்டும் என்று 2025-26-ல் 1 சதவீதத்தில் தொடங்கி, 2028-29-ல் 5 சதவீதம் என்று மத்திய அரசு விதி வைத்திருக்கிறது. ஆனால் அது வீட்டு வாயுவுக்கும் சிஎன்ஜிக்கும் மட்டும். தொழிற்பேட்டைக் குழாய்க்கும் அந்த விதி வேண்டும் என்று நீங்கள் கேட்டால் எங்களுக்கும் ஒரு சந்தை கிடைக்கும்.

நெய்தல்_வானிலை:

ஸ்டென்டருக்கு மட்டும் வாயு, பாய்லருக்கு வெப்ப மீட்பு என்ற வழியை நான் ஏற்கிறேன். ஒரு நிபந்தனையோடு: ஒப்பந்தக் காலம் 5 வருடத்துக்கு மேல் வேண்டாம். உயர்ந்த சூட்டுக்கு மின்சார வழிகள் வேகமாக வருகின்றன. கட்டத்து மின்சாரம் சுத்தமாகும்போது நீங்கள் கட்டுண்டு கிடக்கக் கூடாது.

கொங்குபாய்லர்:

5 வருஷம்தான் கேக்கப் போறோம். சங்கத்துல பேசியாச்சு. ஹீட்டர் வெச்சிருக்கிற யூனிட்டுக மட்டும் தனியா ஒரு பட்டியல் போட்டு, மொத்தமா ஒரே அளவு எழுதிக் குடுத்து, குறைந்தபட்ச அளவை எங்களுக்குள்ள பகிர்ந்துக்கலாமான்னு கேக்குறோம். ஒரு யூனிட் ஆர்டர் இல்லாம நின்னா இன்னொருத்தர் எடுத்துக்கலாம். குழாய் சாலை ஓரமா மட்டும் வரணும்கிறதையும் கடிதத்துல சேர்த்திருக்கோம், வரப்போரம் ஐயா.

கடைசியா ஒரு சந்தேகம். அறைக்குள்ளேயே வாயு எரிஞ்சா வெள்ளைத் துணி மஞ்சளடிக்கும்னு எங்க ஃபினிஷிங் மாஸ்டர் பயப்படுறார். நிஜமுங்களா?

மோர்பித்தமிழன்:

பர்னர் சரியா டியூன் ஆகலைன்னா நடக்கும். தீ ரொம்பச் சூடாகி நைட்ரஜன் ஆக்சைடு கூடினா வெள்ளை மங்கும். பர்னர் வாங்கும்போதே நைட்ரஜன் ஆக்சைடு குறைவான வகையான்னு கேளுங்க. காத்து-வாயு விகிதத்தை ஒவ்வொரு அறைக்கும் தனியா செட் பண்ணச் சொல்லுங்க. புகை வெளியேறுற எக்ஸாஸ்ட் டேம்பர் கதவை, சூட்டை மிச்சம் பிடிக்கிறேன்னு ரொம்ப மூடாதீங்க. சோதனை ஓட்டத்துல ஒரே ரோல்ல இருந்து வெள்ளைத் துணியை ரெண்டா வெட்டி, ஒண்ணை பழைய எண்ணெய் ஸ்டென்டர்லயும் இன்னொண்ணை புதுசுலயும் விட்டு வெண்மை அளவு எடுத்துப் பாருங்க. அந்த ரெண்டு எண்ணும் கையில வந்த பிறகு மீதிப் பணத்தைக் குடுங்க.